நிகரில்லாத இணை: ஆங்கிலத்தில் ஆற்றலும் இயலாமையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பவை இரண்டே சிறு சொற்கள்: 'கேன்', 'குட்'. பள்ளி இலக்கணம் இவற்றை மூன்று வரியில் முடித்துவிடுகிறது. 'கேன்' என்றால் முடியும். அதன் இறந்தகாலம் 'குட்'. 'நாட்' சேர்த்தால் எதிர்மறை. இவற்றில் முதல் வரி பாதி உண்மை. இரண்டாவது வரி பல இடங்களில் தவறாக வழிநடத்துகிறது. மூன்றாவது வரியில் குற்றம் காண யாருக்கும் தோன்றாது. ஆனால் உண்மையான சிக்கல் ஒளிந்திருப்பது அங்கேதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஆற்றலைச் சொல்லும் வாக்கியமும் இயலாமையைச் சொல்லும் வாக்கியமும் ஒன்றுக்கொன்று நிகரான இணை இல்லை. முன்னது, செயல் நடந்ததா என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. பின்னது பதிலையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், 'குட்' பற்றி இலக்கண நூல்கள் தனித்தனி விதிவிலக்குகளாக அடுக்குபவை பெரும்பாலும் ஒரே காரணத்தின் விளைவுகளாகத் தெரியும்.

1. ஆற்றல் வேறு, நிகழ்ச்சி வேறு

'ஷீ கேன் ஸ்விம்' என்று ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம். அவர் அப்போது அலுவலகத்தில் கோப்புப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பத்து ஆண்டுகளாகத் தண்ணீரில் இறங்காமலும் இருக்கலாம். வாக்கியம் பொய்யாகிவிடாது. அது அவருடைய ஒரு நிலையைச் சொல்கிறதே தவிர, அவர் செய்த செயல் எதையும் சொல்லவில்லை. சொல்லின் வரலாறும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'கேன்' அறிதலைக் குறித்த வினை. உடல் வலிமையையும் இயலுதலையும் குறித்தது இன்றைய 'மே'யின் மூதாதை. பிற்காலத்தில் 'மே' அனுமதிக்கும் வாய்ப்புக்கும் நகர, ஆற்றல் முழுவதும் 'கேன்' வசம் வந்து சேர்ந்தது. வேர்ச்சொல் வரலாறு இன்றைய பொருளுக்குச் சான்றாகிவிடாது என்பது சரிதான். என்றாலும், அறிவைப் போலவே ஆற்றலும் ஒருவரிடம் இருக்கும் நிலை என்பது இன்றைய வழக்கிலும் மாறவில்லை.

ஆற்றலும் நிகழ்ச்சியும் எவ்வளவு தூரம் விலகி நிற்கக்கூடும் என்பதை இருபதாம் நூற்றாண்டின் ஆங்கில மெய்யியலாளர் இருவர் எதிரெதிர்த் திசைகளிலிருந்து காட்டினார்கள். ஜே. எல். ஆஸ்டின் 1956இல் பிரிட்டிஷ் அகாடமியில் நிகழ்த்திய உரையில், மிகக் குறைந்த தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் தள்ளத் தவறிய கோல்ஃப் ஆட்டக்காரரைப் பற்றிப் பேசுகிறார். தவறவிட்டவர் 'என்னால் அதைப் போட்டிருக்க முடியும்' என்று தம்மையே நொந்துகொள்கிறார். வேறு சூழலில் போட்டிருப்பேன் என்று அவர் சொல்லவில்லை. அதே இடத்தில், அதே நேரத்தில், அதே நிலைமையில் முடிந்திருக்கும் என்கிறார். அதாவது ஒரு தோல்வி ஆற்றல் இல்லை என்பதற்கு நிரூபணம் ஆகாது. ஆன்டனி கென்னி 1970களின் நடுவில் மறுபக்கத்தைக் காட்டினார். டார்ட்ஸ் விளையாட்டில் சற்றும் தேர்ச்சியில்லாத ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒருமுறை பலகையின் நடுப்புள்ளியில் அடித்துவிடலாம். அதை வைத்து அவருக்கு அங்கே அடிக்கும் ஆற்றல் உண்டு என்று சொல்ல மாட்டோம். ஆக, ஒரு வெற்றியும் ஆற்றலுக்கு நிரூபணம் ஆகாது. உடன்பாட்டு 'கேன்' நிகழ்ச்சியைப் பற்றி ஏன் உறுதி தருவதில்லை என்பதற்கு இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளும் போதும்.

2. இறந்தகாலத்தில் தெரியும் பிளவு

நிகழ்காலத்தில் இந்த இடைவெளி யார் கண்ணையும் உறுத்துவதில்லை. இறந்தகாலத்துக்குப் போனதும் வெளிப்பட்டுவிடுகிறது. ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு மாலையில் மின்சாரம் போய்விட்டது; கட்டடத்தின் ஜெனரேட்டரும் ஓடவில்லை; மெக்கானிக் வந்து, டீசல் குழாயில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றி, அரை மணி நேரத்தில் அதை ஓட வைத்துவிட்டார். தமிழில் 'அவரால் அதை ஓட வைக்க முடிந்தது' என்போம். இதையே ஆங்கிலத்தில் 'ஹி குட் ஸ்டார்ட் த ஜெனரேட்டர்' என்று சொன்னால், கேட்பவர் மனத்தில் அந்த மாலைச் செய்தி போய்ச் சேராது. ஜெனரேட்டரை ஓட வைக்கும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது என்று ஒருவர் எடுத்துக்கொள்வார். இனிமேல் வேண்டுமானால் அவர் ஓட வைக்கலாம் என்று இன்னொருவர் எடுத்துக்கொள்வார். ஓடியதா என்ற கேள்வி அப்படியே நிற்கும். நடந்ததைச் சொல்ல 'ஹி வாஸ் ஏபிள் டு ஸ்டார்ட் இட்' என்றோ 'ஹி மேனேஜ்ட் டு ஸ்டார்ட் இட்' என்றோதான் சொல்ல வேண்டும்.

இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று முன்பே பார்த்தது: ஆற்றல் ஒரு நிலை, அதை இறந்தகாலத்தில் சொன்னாலும் அது கடந்த காலத்து நிலையாகவே இருக்கும், நிகழ்ச்சியாக மாறிவிடாது. ஆகவே 'ஐந்து வயதிலேயே அவளுக்குப் படிக்கத் தெரியும்' என்பது போன்ற பொதுத் திறனுக்கு 'குட்' கச்சிதமாகப் பொருந்துகிறது. அன்று மாலை நடந்த ஒரு காரியத்துக்குப் பொருந்துவதில்லை. இன்னொன்று, 'குட்' சுமக்கும் வேறு வேலைகள். பணிவான வேண்டுகோள், நடக்காத ஒன்றைப் பற்றிய கற்பனை, எதிர்கால வாய்ப்பு ஆகிய மூன்றும் அந்த ஒரே சொல்லின் தலையில்தான் இருக்கின்றன. ஒரு கதையை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும்போது நடுவே 'குட்' வந்தால், இது நடந்ததா, நடந்திருக்கலாமா, நடக்குமா என்ற ஐயம் எழுவது இயல்பு. தமிழ் மாணவர் இங்கே தடுமாறுவதற்கும் காரணம் உண்டு. நம் 'முடிந்தது' நிகழ்ச்சியையும் உள்ளடக்கிக்கொள்கிறது. 'அவரால் ஓட வைக்க முடிந்தது, ஆனால் ஓட வைக்கவில்லை' என்று தமிழில் யாரும் பேசுவதில்லை. 'முடிந்தது' என்பதை அப்படியே 'குட்' ஆக்கினால், தமிழில் சொன்ன செய்தியின் பாதி ஆங்கிலத்துக்கு வந்து சேர்வதில்லை.

3. எதிர்மறையில் மறையும் பிளவு

இப்போது அதே காட்சியை மாற்றிப் பார்ப்போம். மெக்கானிக் வந்தார், முயன்றார், ஜெனரேட்டர் ஓடவில்லை. 'ஹி குடன்ட் ஸ்டார்ட் இட்' என்று தயங்காமல் சொல்லலாம். 'வாஸன்ட் ஏபிள் டு' என்றும் சொல்லலாம். பொருளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இராது. உடன்பாட்டில் இரண்டாகப் பிரிந்திருந்த சொற்கள் எதிர்மறையில் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. ஏன்? பதில் இலக்கணத்தைவிடத் தருக்கத்தில் இருக்கிறது. ஒருவரிடம் ஆற்றல் இருந்தது என்பதிலிருந்து அவர் செய்தார் என்ற முடிவு வராது. ஒரு வேளையில் ஒன்று அவரால் முடியவில்லை என்பதிலிருந்து அந்த வேளையில் அது நடக்கவில்லை என்ற முடிவு தப்பாமல் வரும். திறந்திருக்கும் கதவு யாராவது உள்ளே போனார்கள் என்பதற்குச் சாட்சியாகாது. பூட்டியிருக்கும் கதவோ யாரும் போகவில்லை என்பதற்குச் சாட்சி. எதிர்மறை 'குடன்ட்' நிலையைச் சொல்லும்போதே நிகழ்ச்சியின் கணக்கையும் முடித்துவிடுகிறது. ஆகவே நிகழ்ச்சியைச் சொல்லத் தனியாக வேறொரு சொல் அங்கே தேவைப்படுவதில்லை.

ராண்டால்ஃப் குவர்க் முதலான நால்வர் 1985இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கணமும், எஃப். ஆர். பாமரின் மோடல் துணைவினை ஆய்வுகளும் நடை வேறுபாடுகளையும் பொருள் நுணுக்கங்களையும் விரிவாகத் தொகுத்துத் தந்தவை. பள்ளி நூல்களுக்கு இறங்கி வரும்போது அந்தச் செல்வம் 'தனி நிகழ்ச்சிக்கு வாஸ் ஏபிள் டு; எதிர்மறையில் எதுவும் வரலாம்' என்ற இரட்டை விதியாகச் சுருங்கிவிடுகிறது. மாணவர் அதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார். முதற்பாதி ஏன், இரண்டாம் பாதி ஏன் என்று யாரும் சொல்லித்தருவதில்லை. இரண்டும் ஒரே காரணத்தின் இரு பக்கங்கள் என்று தெரிந்தவருக்கு மனப்பாடம் தேவையில்லை.

4. விதிவிலக்குகள் சொல்லும் சாட்சி

ஒரு விளக்கம் சரியா என்பதற்கு விதிவிலக்குகளே நல்ல சோதனை. உடன்பாட்டு வடிவில் இருந்தும் தனி நிகழ்ச்சிக்கு 'குட்' வரும் இடங்கள் ஆங்கிலத்தில் உண்டு. 'ஹி குட் ஹார்ட்லி வாக்' என்பது ஒன்று. 'வீ குட் ஒன்லி ஃபைண்ட் டூ சேர்ஸ்' என்பது இன்னொன்று. 'நாட்' எங்கும் இல்லை. ஆனால் 'ஹார்ட்லி' வந்த வாக்கியத்தின் வாலில் கேள்வி சேர்த்துப் பாருங்கள்: 'ஹி குட் ஹார்ட்லி வாக், குட் ஹி?' என்றுதான் வரும். உடன்பாட்டு வாக்கியத்துக்கு எதிர்மறை வாலும், எதிர்மறை வாக்கியத்துக்கு உடன்பாட்டு வாலும் சேர்வது ஆங்கில வழக்கம். அந்தக் கணக்கில் இது எதிர்மறை வாக்கியம்தான். 'ஒன்லி' வந்த வாக்கியத்தின் கனமும் கிடைத்த இரண்டு நாற்காலிகளில் இல்லை. மூன்றாவது கிடைக்கவில்லை என்பதில் இருக்கிறது. ஆக, 'குட்' இடம்பிடித்தது இயலாமையின் எல்லைக்குள்ளேதான்.

இரண்டாவது குழு புலன் வினைகள்: பார்த்தல், கேட்டல், மணத்தை உணர்தல், சுவையறிதல். 'ஷீ குட் ஹியர் த ட்ரெயின்' என்றால், அந்த நேரத்தில் ரயிலின் ஓசை அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது என்று பொருள். அன்றைய ஒரு நிகழ்ச்சிக்கு இங்கே உடன்பாட்டு 'குட்' தாராளமாக வருகிறது. என் வாதத்துக்கு இது இடையூறு போலத் தோன்றும். உற்றுப் பார்த்தால் துணைதான் செய்கிறது. ஜெனரேட்டரை ஓட வைக்க ஆற்றலோடு முயற்சியும் வேண்டும், அந்த முயற்சி பலிக்கவும் வேண்டும். காதில் விழுவதற்கு அப்படி எதுவும் வேண்டியதில்லை. ஓசை எட்டும் தூரத்தில் இருக்கிறது, காதும் நன்றாக இருக்கிறது என்றால் அதுவே கேட்டல். ஆற்றலுக்கும் நிகழ்ச்சிக்கும் நடுவே இடைவெளியே இல்லாத இடத்தில், நிலையைச் சொன்னால் நிகழ்ச்சியையும் சொன்னதாகிவிடுகிறது. புரிதல், நினைவுகூர்தல் போன்ற மனவினைகள் சிலவற்றிலும் 'குட்' இப்படி வருவதற்கு இதுவே காரணம். பிளவு எங்கே உண்டோ அங்கே 'குட்' தயங்குகிறது. பிளவு இல்லாத இடத்தில் தயங்குவதில்லை.

5. இயலாமைக்குள் இருக்கும் வகைகள்

எதிர்மறையில் எல்லாம் ஒன்றாகிவிடுகின்றன என்றேன். 'குடன்ட்', 'வாஸன்ட் ஏபிள் டு' இரண்டுக்கும் அது பொருந்தும். இயலாமையின் முழுப் பரப்புக்கும் பொருந்தாது. 'டிடின்ட் மேனேஜ் டு' என்றால் முயற்சி நடந்தது என்ற குறிப்பும் உடன்வரும். கைகூடவில்லை என்பதே செய்தி. 'அனேபிள் டு' அலுவலகக் கடிதத்துக்கு ஏற்ற நடை. மறுப்பின் காரமும் அதில் குறையும். 'ஃபெயில்ட் டு' என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். 'ஹி ஃபெயில்ட் டு ரிப்ளை' என்ற வரியில் இயலாமை இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. அவரால் பதில் எழுத முடிந்திருக்கலாம். எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும் என்ற குற்றச்சாட்டுதான் அதில் இருக்கிறது. ஊழியர் ஒருவர் தம் விளக்கக் கடிதத்தில், முடியவில்லை என்று சொல்ல நினைத்து 'ஐ ஃபெயில்ட் டு அட்டெண்ட்' என்று எழுதினால், விளக்கம் ஒப்புதலாக மாறிவிடும்.

எழுத்துவடிவும் கவனத்துக்குரியது. 'கேனாட்' என்பது வழக்கமாகச் சேர்த்து எழுதப்படும் ஒரே சொல். 'கேன்' தனியாக, 'நாட்' தனியாக, இடையில் சிறு நிறுத்தத்தோடு சொன்னால் எதிர்மறை ஆற்றலை விட்டுச் செயலின்மேல் இறங்கிவிடும். வர முடியாது என்பது வராமலும் இருக்கலாம் என்று ஆகிவிடும். ஒலிப்பில் இருக்கும் வேறுபாடு இதைவிட முக்கியம். இயல்பான பேச்சில் உடன்பாட்டு 'கேன்' அழுத்தம் இழந்து 'கன்' என்பதுபோல் மங்கிவிடும். எதிர்மறை வடிவம் ஒருபோதும் அப்படி மங்குவதில்லை. பிரிட்டிஷ் வழக்கில் 'கான்ட்' என்று நெடிலோடு வரும். அமெரிக்க வழக்கில் உயிரொலி 'கேன்' போலவே இருந்து, இறுதி 'ட்' பெரும்பாலும் தெளிவாக வெடிக்காமல் அடங்கிவிடும். அங்கே இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது இறுதி மெய் இல்லை, உயிரொலியின் முழுமையும் அழுத்தமும்தான். நாம் ஒவ்வொரு 'கேன்'ஐயும் முழு அழுத்தத்தோடு சொல்லும்போது, வர முடியும் என்று சொன்னது வர முடியாது என்று கேட்கப்படலாம். எதிர்மறைச் சுருக்கங்கள் எல்லாமே அழுத்தம் பெறுபவை என்பதால், ஆற்றலும் இயலாமையும் நிகரில்லை என்பதற்கு இதைத் தனிச் சான்றாக நான் முன்வைக்கவில்லை. ஆனால் வகுப்பறைக்கு இது உடனே பயன்படக்கூடிய செய்தி.

6. மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு பயன்வழியியல் அறிஞர்களிடமிருந்து வரும். 'ஹி குட் ஸ்டார்ட் இட்' என்பது தவறே இல்லை; குறைவான செய்தி தருகிறது, அவ்வளவுதான்; இருப்பதில் வலுவான வாக்கியத்தைத் தேர்ந்தெடுப்பது பேச்சின் பொது ஒழுங்கு; இதில் தனி விதி எதுவும் இல்லை என்பார்கள். இந்தப் பார்வையில் பாதியை நான் ஏற்கிறேன். என் விளக்கமும் தருக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் வெறும் வலுக்குறைவு என்றால், ஜெனரேட்டர் ஓடியதா என்று கேட்டவருக்கு அந்த வாக்கியம் அரைகுறைப் பதிலாகவாவது இருக்க வேண்டும். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் காதுக்கு அது பதிலாகவே படாது. வேறு எதையோ சொல்ல வந்து நின்றுபோனது போலப் படும். 'நோ, ஹி குடன்ட்' என்பதோ முழுமையான பதில். தருக்கத்தில் தொடங்கிய வேறுபாடு வழக்கில் உறைந்து இலக்கணமாகியிருக்கிறது என்பதே பொருத்தமான முடிவு.

இரண்டாவது மறுப்பு 'வாஸ் ஏபிள் டு' பற்றியது. அதுவும் எப்போதும் நிகழ்ச்சியைச் சொல்வதில்லையே, 'அந்தக் காலத்தில் அவரால் அந்தக் கல்லைத் தூக்க முடியும், ஆனால் ஒருநாளும் தூக்கியதில்லை' என்ற பொருளிலும் அது வருகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ராஜேஷ் பட் 1999இல் இந்த இரட்டைத்தன்மையை ஆராய்ந்து, இந்தி மொழிச் சான்றோடு தெளிவுபடுத்தினார். இந்தியில் 'சக்' என்ற துணைவினை, செயலை முடிந்ததாகக் காட்டும் முற்றுநோக்கு வடிவத்தில் வந்தால் செயல் நடந்தது என்ற உறுதி வந்துவிடும். முற்றாநோக்கு வடிவத்தில் வந்தால் வராது. ஆங்கில இறந்தகாலம் இந்த இரண்டு நோக்குகளையும் வடிவத்தில் பிரித்துக் காட்டுவதில்லை. ஆகவே 'வாஸ் ஏபிள் டு' இரண்டுக்கும் இடம் தருகிறது. நான் சொல்வது ஒருவழி விதி: 'வாஸ் ஏபிள் டு' நிகழ்ச்சியைச் சுமக்கும் வல்லமை உடையது, உடன்பாட்டு 'குட்'டுக்கு அந்த வல்லமை இல்லை. 'வாஸ் ஏபிள் டு' நிலையையும் குறிக்கலாம் என்பதால் இந்த விதி தளர்ந்துவிடாது.

மூன்றாவது மறுப்பே மிகக் கூர்மையானது. கென்னியின் டார்ட்ஸ் ஆட்டக்காரர் நடுப்புள்ளியில் அடிக்க இயலாதவர். என்றாலும் ஒருமுறை அடித்துவிட்டார். இயலாமை நிகழ்ச்சியை மூடிவிடும் என்றால் இது எப்படி? அதுபோலவே, 'உங்கள் உதவி இல்லாமல் என்னால் இதைச் செய்திருக்க முடியாது' என்பதற்கு ஆங்கிலத்தில் 'குடன்ட் ஹேவ்' என்றுதான் வரும். ஆனால் காரியம் நடந்திருக்கிறதே! முதல் எடுத்துக்காட்டு என் கூற்றுக்கு ஒரு வரம்பு கட்டச் சொல்கிறது, கட்டுகிறேன். பொதுத் திறமையைக் குறிக்கும் 'கான்ட்', தற்செயலான ஒரு வெற்றியோடு முரண்படாது. அது மறுப்பது, வேண்டியபோது செய்துகாட்டும் பிடிமானத்தை. குறிப்பிட்ட ஒரு வேளையைச் சுட்டும் 'குடன்ட்' அப்படியன்று. அம்பு நடுப்புள்ளியில் குத்தி நிற்பதைப் பார்த்த பிறகு, அந்த வீச்சைப் பற்றி 'ஹி குடன்ட் ஹிட் இட்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே என் கூற்று ஒரு வேளையைச் சுட்டும் வாக்கியங்களுக்கு முழுமையாகப் பொருந்தும். பொதுத் திறமைக்குத் தற்செயலைக் கழித்துப் பொருந்தும். இரண்டாவது எடுத்துக்காட்டில் உதவி இல்லாத ஒரு கற்பனை உலகம் விரிகிறது. இயலாமை அந்த உலகத்தில். அங்கே காரியமும் நடக்கவில்லை. நடந்தது உதவி கிடைத்த இந்த உலகத்தில். கற்பனைக்குள்ளும் இயலாமை தன் வேளையின் நிகழ்ச்சியை மூடியே வைத்திருக்கிறது.

7. கற்பித்தலுக்கு இதனால் என்ன?

உடன்பாடும் எதிர்மறையும் ஒரே அச்சின் இரு வார்ப்புகளாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு தமிழ் இலக்கணம் படித்தவருக்கு வர வேண்டியதில்லை. நம் பழந்தமிழ் எதிர்மறை வினைமுற்று, உடன்பாட்டைப் போலக் காலங்காட்டும் இடைநிலை பெறுவதில்லை; ஒரே வடிவம் மூன்று காலத்துக்கும் நிற்கும். இன்றைய தமிழிலும் 'முடியாது', 'முடியவில்லை' என்ற இரண்டும் உடன்பாட்டு வடிவங்களோடு ஒன்றுக்கொன்றாகப் பொருந்துவதில்லை. எதிர்மறைக்கெனத் தனி ஒழுங்கு உண்டு என்பது நமக்குப் பழக்கமான செய்தி. அந்தப் பழக்கத்தை ஆங்கில வகுப்புக்குக் கொண்டுபோகத் தவறிவிட்டோம்.

ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலின் காலத்திலிருந்து நம் வகுப்பறைகளில் வாக்கிய மாற்றப் பயிற்சி நிலைபெற்றிருக்கிறது: உடன்பாட்டை எதிர்மறையாக்கு, எதிர்மறையை உடன்பாடாக்கு. பல வினைகளுக்கு அது நல்ல பயிற்சி. ஆற்றலைக் குறிக்கும் வாக்கியங்களில் அது ஒரு திசையில் மட்டுமே பாதுகாப்பானது. 'வாஸ் ஏபிள் டு'வை 'குடன்ட்' ஆக்கினால் சேதம் இல்லை. 'குடன்ட்'டில் 'நாட்'டை நீக்கி 'குட்' ஆக்கினால், நடக்காதது நடந்ததாக மாறுவதில்லை. நடந்ததா என்ற கேள்விக்கான பதிலே காணாமல் போய்விடுகிறது. ஆகவே ஆசிரியப் பெருமக்கள் முன் வைக்கும் என் வேண்டுகோள் மூன்று. ஆற்றலுக்கும் இயலாமைக்கும் தனித்தனிப் பாடம் நடத்துங்கள். இரண்டாவதை முதலாவதன் வாலாகச் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு எடுத்துக்காட்டுக்கும் கீழே 'செயல் நடந்ததா? ஆம், இல்லை, தெரியாது' என்ற மூன்று விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். 'தெரியாது' என்ற விடை எங்கே வருகிறது என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வார். வினாத்தாள் அமைப்பவர்கள், 'குடன்ட்' வாக்கியத்தை உடன்பாடாக்கும் கேள்வியில் 'குட்' என்று எழுதியவருக்கு மதிப்பெண் போடுமுன், அந்த வாக்கியம் ஒரு வேளையின் நிகழ்ச்சியைச் சொல்கிறதா, பொதுத் திறமையைச் சொல்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். இவற்றில் எதற்கும் புதிய பாடநூல் தேவையில்லை. அடுத்த வகுப்பிலேயே தொடங்கிவிடலாம்.